றோமா இருந்த இடம்

மனித குலத்தின் சரித்திரம் முழுவதையும், மூளையின் அடியாழத்தில் ஒரு கடுகளவு இடத்தில் குந்தியிருக்கும் சில இலட்சம் நரம்புக் கலங்களே எழுதின. பக்தி, காதல், கல்வி, போர், சமாதானம் யாவும் அந்தக் கலங்களின் துடிப்பினது நிழல்களே.

இதைச் சொன்னவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் பரமலிங்கம். சொன்ன இடம் தண்ணீரூற்று என்ற ஊரில் அவருடைய வீட்டு முற்றம். கேட்டவர்கள் இருபத்துமூன்று பேர். அதில் பதினொரு பேர் வடை வரும் என்று நம்பி வந்தவர்கள். மற்றவர்கள், வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க மாஸ்டர் வீடு தேடி வருவார் என்று பயந்து வந்தவர்கள்.

மாதத்தில் கடைசி ஞாயிறு, மூன்றரை மணிக்கு, அவர் ஊருக்கு அறிவு வழங்குவது வழக்கம். போன மாதம் கருந்துளை. இந்த மாதம் மூளை. கனடாவில் இருக்கும் மகள் இணையத்தில் ஒரு கற்கைநெறிக்குப் பதிந்து கொடுத்திருந்தாள். நாலு கிழமைப் பாடத்தில் இரண்டு கிழமை முடித்திருந்தார். அது போதும் என்பது அவருடைய கணிப்பு.

"முதல் நாள் ஒரு குரங்குக்கு ஒரு துளி பழச்சாறு குடுக்கிறம். அது எதிர்பாராத சாறு. உடனே அந்தக் கலங்கள் படபடவெண்டு வெடிக்கும்" என்றார்.

முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. தண்ணீரூற்றில் சில சொற்களை யோசித்துத்தான் பாவிக்க வேண்டும். "துடிக்கும்" என்று திருத்திக்கொண்டார்.

"பிறகு, சாறு வர முன்னம் ஒவ்வொரு நாளும் ஒரு மின்குமிழ் எரியுது. கொஞ்ச நாளில என்ன நடக்குது? சாறு வரேக்க கலம் சும்மா இருக்கும். குமிழ் எரியேக்கயே துடிச்சு முடிச்சிடும். குமிழுக்கு முன்னால ஒரு மணி அடிச்சால், பிறகு மணிக்குத் துடிக்கும். துடிப்பு முன்னுக்கு முன்னுக்குப் போகும். இதுதான் கற்றல்!"

"குரங்குக்குச் சாறு குடுத்திருக்கிறாங்கள். எங்களுக்கு வடைக்கு எப்ப மணி அடிக்கும், மாஸ்டர்?" என்றார் வயல்காரர் அப்புத்துரை. சிரிப்பு எழுந்தது. மாஸ்டர் கையை உயர்த்தி அதை அடக்கினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "குமிழ் எரிஞ்சு, சாறு வராட்டி?"

பக்கத்து வளவு இரஞ்சிதம். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், அவளுடைய மகன் தர்ஷன், பதினேழு வயது, இரண்டு கானோடு மாஸ்டர் வீட்டுக் கிணற்றில் தண்ணி எடுக்கப் போனவன். அந்த நேரம் பார்த்து எறிகணைச் செல் விழத் தொடங்கியது. இரஞ்சிதத்தை ஆரோ உழவு இயந்திரப் பெட்டியில் இழுத்து ஏற்றினார்கள். அவன் மாஸ்டர் வீட்டுப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், ஓடினதைக் கண்டதாகப் பிறகு ஒருத்தர் சொன்னார். சொன்னவரும் இப்போது உயிரோடு இல்லை.

"அருமையான கேள்வி" என்றார் மாஸ்டர். கேள்வி கேட்டது யார் என்பது அவருக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. "சாறு வரவேண்டிய அந்த நொடியில கலம் வாயடைச்சுப் போகும். சும்மா இருக்கேக்க துடிக்கிற சின்னத் துடிப்பும் நிண்டிடும். அந்த மௌனம் சரியா அந்த நொடியிலதான் வரும். அப்பிடிச் சில தரம் ஏமாந்தால், குமிழுக்குத் துடிக்கிறதையும் விட்டிடும். மறந்திடும்."

"எத்தினை நாளில?"

இது கற்கைநெறியின் மூன்றாம் கிழமையில் வரக்கூடிய விஷயம். "மூண்டு நாள்" என்றார் மாஸ்டர் தயங்காமல்.

அப்போதுதான் பெரிய ரோட்டிலிருந்து பைறூஸின் பாண் ஓட்டோ வரும் சத்தம் கேட்டது. பாணும் பணிசும் ரோலும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் முச்சில்லு வண்டி. அதன் ஒலிபெருக்கியில் இனிமையான ஒரே மெட்டு, கேட்பவனுக்கு விசர் பிடிக்கும்வரை ஓடும்.

கௌசலாவின் கதிரைக்குக் கீழே படுத்திருந்த நாய் எழும்பியது.

கௌசலா மிதிவெடி அகற்றும் அணியில் பதின்மூன்று வருடமாக வேலை செய்கிறவள். றோமா அவளோடு எட்டு வருடம் நிலத்தை மோந்து, வயதாகி ஓய்வுபெற்று, அவளுடைய வீட்டுக்கே வந்து சேர்ந்த நாய். செம்மஞ்சள் உடம்பு, கறுத்த முகம். வெடிமருந்து மணம் பட்டால் அது குரைக்காது, கிண்டாது. மூக்கை நிலத்துக்கு நேரே நீட்டி, முதுகை நிமிர்த்தி, அப்படியே குந்தி இருக்கும். இருந்தால் ஒரு பந்து கிடைக்கும். அதுதான் அதன் படிப்பு.

றோமா கதிரைகளுக்கு நடுவே நடந்தது. வெள்ளைப் பலகையைக் கடந்தது. குசினியின் பின்மூலைக்கு, ஒரு செடி கொடி நடாமல் வெறுமையாய்க் கிடக்கும் அந்தத் துண்டு நிலத்துக்குப் போனது. மூக்கை நீட்டியது. இருந்தது.

"ஒருத்தரும் அசையாதேங்கோ" என்றாள் கௌசலா. குரலை உயர்த்தவில்லை.

அறிவுச் சபை ஒரு நொடி உறைந்தது. பிறகு ஊர்க்காரர் எல்லாரும் எழும்பினார்கள். எவரும் திரும்பவில்லை. தாங்கள் வந்த காலடி எதுவோ அதிலேயே பாதத்தை வைத்து, பின்பக்கமாக, ஒருவர் பின் ஒருவராகப் படலையை நோக்கி நடந்தார்கள். ஒரு கதிரையும் விழவில்லை. பதினாறு வருடமாக அவர்களில் எவரும் அப்படி நடக்கவில்லை. ஆனாலும் எவருடைய காலும் பிழைக்கவில்லை. தென்னிலங்கையிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அலுவலர் மட்டும், அப்போதுதான் வந்து சேர்ந்த வடைத்தட்டோடு தனியே நின்றார்.

"சேர், உங்கட மூளைக்குள்ள என்ன துடிக்குதெண்டு பிறகு பாப்பம்" என்றாள் கௌசலா மாஸ்டரிடம். "இப்ப அந்தக் காலை முன்னுக்கு வைக்காதேங்கோ."

மாஸ்டரின் மூளைக்குள் அந்த நேரம் துடித்ததைச் சொல்லியே ஆக வேண்டும்.

பரமலிங்கம் பிள்ளையார் கோயில் பரிபாலன சபைத் தலைவர். புலால் மறுப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி ஊரெல்லாம் இலவசமாகக் கொடுத்தவர். அவரைக் கல்யாண வீட்டுக்கு அழைப்பவர்கள் முட்டைக் கேக்கையும் ஒளித்து வைப்பார்கள். இத்தனை பெருமைக்கும் உரியவர், எட்டு மாதத்துக்கு முன்னர், மழை தூறின ஒரு பின்னேரம், பைறூஸிடம் பாண் வாங்கும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மட்டன் ரோல் ஒன்றின் மணத்தில் விழுந்துபோனார்.

அதன் பிறகு பைறூஸ் "சேருக்குப் பாணோ, ஸ்பெஷல் பாணோ?" என்று கேட்பான். ஸ்பெஷல் என்றால் பாண் பைக்குள் ஒரு ரோல் இருக்கும். அதைத் தின்ன அவர் தெரிந்தெடுத்த இடம் குசினியின் பின்மூலை. தெருவுக்குத் தெரியாத, ஒருவரும் வராத இடம் அது ஒன்றுதான். வேலி இடுக்கால் வந்த றோமாவுக்குக் கடைசித் துண்டை எறிவார். முதலில் அது ரோல் மணத்துக்கு வந்தது. பிறகு கடதாசி சரசரக்கும் சத்தத்துக்கு வந்தது. இப்போதோ ரோட்டில் மெட்டுக் கேட்டதுமே போய் இருந்துவிடுகிறது.

அதாவது, அவருடைய விரிவுரைக்கு உலகத்தில் இதைவிடச் சிறந்த செய்முறை விளக்கம் இருக்க முடியாது. அதைச் சுட்டிக்காட்ட அவரால் மட்டுமே முடியும். அவர் வாயைத் திறக்கவில்லை.

ஒருவரும் வராத இடம் என்றேன். ஏன் வருவதில்லை என்பதையும் மாஸ்டர் அறிவார். அவருடைய பங்கர் இருந்த இடம் அதுதான். அவரே வெட்டி, பனங்குத்தி அடுக்கி, மண்மூடை போட்டது. செல் விழத் தொடங்குவதற்கு ஒரு கிழமை முன்னமே அவர் குடும்பத்தோடு போய்விட்டார். மீளக்குடியேற வந்தபோது அந்த இடம் மட்டமாகக் கிடந்தது. மூடியது செல்லோ, மழையோ, மனிதரோ தெரியாது. மிதிவெடி எடுக்க வந்தவர்கள் மேல்மண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருடமே இரஞ்சிதம் வந்து, "ஒருக்கால் கிண்டிப் பாப்பமே, மாஸ்டர்?" என்று கேட்டாள். அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் மண்ணைத் தொடக்கூடாது என்று அவர் விளக்கினார். அவளுக்காக நல்ல தமிழில் ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி, முத்திரை குத்தி, மூன்று பிரதி கொடுத்தார். பதில் எங்கிருந்தும் வரவில்லை. அவரும் பதிலை எதிர்பார்த்து எழுதவில்லை. வீட்டுக்குக் குசினி கட்டியபோது, வரைபடத்தில் அந்த மூலையைத் தவிர்க்கச் சொன்னார். மேசனுக்கு வாஸ்து என்று காரணம் சொன்னார். சில நாட்களில் ரோலைக் கடிக்கும்போது பாதத்துக்கு அடியில் நிலம் பொய்யாக இருப்பதுபோல் தோன்றும். அப்போது மற்றக் காலுக்கு மாறி நிற்பார்.

செவ்வாய்க்கிழமை கௌசலாவின் அணி வெள்ளை வாகனத்தில் வந்து இறங்கியது. சிவப்புத் தலை வைத்த கோல்களை நட்டு, நாடா கட்டினார்கள். மாஸ்டர் கௌசலாவைக் கிணற்றடியில் தனியே பிடித்தார்.

"பிள்ளை, நாய்க்கு வயசு போட்டுது. பழைய ஞாபகத்தில இருந்திருக்கும். விஞ்ஞானரீதியாப் பாத்தால்..."

"சேர், நாய் இருந்தால் கோல் நடவேணும். அவ்வளவுதான் எங்கட விஞ்ஞானம்." முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "ஏன் இருந்ததெண்டு நாயிட்ட விசாரிக்க ஏலாது."

"எண்டாலும் ஒரு காரணம்..."

"உங்களுக்கு ஏதும் தெரியுமெண்டால் சொல்லுங்கோ. பொறுப்பாளர் எழுதுவார்."

பொறுப்பாளர் பிரதாபன் மட்டையில் தாளைச் செருகிப் பேனையைத் திறந்தார். மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அந்த நேரம் படலை திறந்தது. இரஞ்சிதம் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். நாடாவுக்கு வெளியே, வேம்பின் நிழலில் அதைப் போட்டு, மடியில் ஒரு துணிப்பையோடு இருந்தாள். பையின் வாயால் தர்ஷனின் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்றின் கொலர் தெரிந்தது.

"ஒண்டுமில்லை" என்றார் மாஸ்டர் பிரதாபனிடம்.

மிதிவெடிக்குக் கிண்டுவது கிணறு வெட்டுவது போல் அல்ல. கௌசலா முழங்காலில் குந்தி, கைக்கரண்டியால் ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று மண்ணை எடுத்தாள். இரும்பு எதிலாவது தட்டினால் நிறுத்தி, தூரிகையால் கூட்டிப் பார்ப்பாள். முதல் நாள் ஏழு தரம் தட்டியது. ஏழு தரமும் இரஞ்சிதம் கதிரையிலிருந்து பாதி எழும்பினாள். ஏழும் செல் துண்டு. ஒவ்வொரு தரமும் மெதுவாகத் திரும்ப இருந்தாள்.

மாஸ்டர் சாய்மனைக் கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசிப்பதுபோல் இருந்தார். நாலு மணிக்கு ரோட்டில் மெட்டுக் கேட்டது. றோமா நாடாவுக்கு வெளியே வந்து, முதுகை நிமிர்த்தி இருந்து, அவரையே பார்த்தது. ரோல் வரவில்லை. நாயின் வாய் மெல்ல மூடியது. இந்த நொடியில் அதன் தலைக்குள் என்ன நடக்கிறது என்று இந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சின்னத் துடிப்பும் நின்றுபோன மௌனம். அவர் பேப்பரை முகத்துக்கு உயர்த்திக்கொண்டார்.

இரண்டாம் நாள் பனங்குத்தியின் உக்கின நுனி தெரிந்தது. அன்று கரண்டி தட்டியபோது இரஞ்சிதம் எழும்பவில்லை. அதற்கு முன்னமே எழும்பினாள். கௌசலாவின் முழங்கை அசையாமல் நின்றால் எழும்பினாள். பின்னேரத்தில், கௌசலா தூரிகைக்குக் கையை நீட்டினாலே எழும்பினாள்.

மூன்றாம் நாள் காலை, அணி இன்னும் வரவில்லை. முறுகண்டிப் பக்கம் போன பேருந்தொன்று ரோட்டில் போய் அடங்கியது. பிறகு வளைவில் வெள்ளை வாகனம் கியர் மாற்றும் சத்தம் மட்டும் கேட்டது. இரஞ்சிதம் துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு எழும்பி நின்றாள்.

மாஸ்டர் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். தான் பலகையில் கீறிக் காட்டிய அம்புக்குறி அவருக்கு ஞாபகம் வந்தது. முன்னுக்கு, முன்னுக்கு. பலகையில் அது அழகாகத்தான் இருந்தது.

கோயில், நூல், தலைமைப் பதவி எல்லாவற்றையும் ஒரு மூச்சில் விட்டெறியத் துணிந்து, வேம்படிக்குப் போனார்.

"இரஞ்சிதம், உம்மட்ட ஒரு கதை சொல்ல வேணும்."

"ரோல் கதையோ, மாஸ்டர்?"

அவர் திரும்பி வேலியைப் பார்த்தார்.

"எங்கட வேலி என்ன மதிலே? எட்டு மாசமாப் பாக்கிறன். நீங்கள் தின்னுறதும், கையை வேட்டியில துடைக்கிறதும், நாய் வாயைப் பாத்துக்கொண்டு இருக்கிறதும். ஞாயிற்றுக்கிழமை நாய் எழும்பேக்கயே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமோ நீர் மூண்டு நாளா இதில..."

"தெரிஞ்சுதான். பதினாறு வருசமா எத்தினை கந்தோர் ஏறி இறங்கினன்? உங்கட கடிதம் மூண்டு பிரதியும் குடுத்தன். ஒருத்தர் வந்து ஒரு பிடி மண் எடுத்துப் பாத்தவையே? ஒரு நாய் இருந்தவுடன வாகனம் வந்திட்டுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "கிண்டி முடியட்டும். அதுக்குப் பிறகு நீங்கள் மைக் போட்டும் சொல்லலாம். இப்ப வாய் திறந்தியளோ, கிண்டாமலே போயிடுவினம், நாங்கள் என்னத்துக்கும் ஆகாத சனமாப் போடுவம்."

"நீர் ஏன் எழும்பி எழும்பி நிக்கிறீர் எண்டால்..." என்று தொடங்கினார் மாஸ்டர். விளக்கம் அவருக்குத் தன்னை அறியாமலே வந்துவிடும்.

"ஒண்டும் இராதெண்டு எனக்குத் தெரியும், மாஸ்டர். காலுக்குத் தெரியேல்லை."

படலையடியில் வாகனத்தின் கதவு அறைந்தது. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் குதிக்கால் உயர்ந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு கௌசலா பங்கரின் அடித்தளத்தைத் தொட்டாள். உக்கின மண்மூடைகள், நாலு பனங்குத்தி, ஒரு கேத்தல் மூடி, செருப்பு வார் ஒன்று. வாரைத் தூரிகையால் துடைத்து இரஞ்சிதத்துக்குக் காட்டினாள். சின்னப்பிள்ளையினது. இரஞ்சிதம் இல்லை என்று தலையை ஆட்டினாள். கரண்டி அகலத்துக்கு மூலை மூலையாகத் தோண்டினார்கள். எலும்பில்லை, வெடியில்லை. பிரதாபன் "எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை" என்று எழுதி, மாஸ்டரிடம் கையெழுத்து வாங்கினார். மாஸ்டரின் கையெழுத்து வழமையாக மூன்று வரி நீளம். அன்று ஒரு கோடாக முடிந்தது.

கௌசலா தடுப்பைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். இரஞ்சிதத்தின் தோளில் கையை வைத்து, "அக்கா, இந்த இடம் முடிஞ்சுது" என்றாள். இரஞ்சிதம் அழவில்லை. குழியின் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்று, அடியை நல்லாகப் பார்த்தாள். காணி வாங்க வந்தவர் கிணற்றைப் பார்ப்பதுபோல.

அணி போன பிறகு, அவள் கதிரையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மாஸ்டரிடம் வந்தாள்.

மாஸ்டர் ஓர் ஆறுதல் உரை தயாரித்து வைத்திருந்தார். காலம், இழப்பு, மனித மனம் என்று மூன்று பகுதி. அவள் முதற் பகுதிக்கே இடம் கொடுக்கவில்லை.

"மாஸ்டர், சங்கக்கடைக்குப் பின்னால ஒரு வெறுங்காணி கிடக்கெல்லோ? தண்ணி எடுக்கப் போன பொடியள் மூண்டு பேர் அந்தப் பக்கமும் ஓடினவையாம். அந்தக் காலத்தில சங்கக்கடையில நிண்டவர் சொன்னவர்."

"ஓம்..."

"அதில ஒரு ரெண்டு கிழமைக்கு நாய்க்கு ரோல் போடுவியளோ?"

மாஸ்டர் ஆகாயத்தைப் பார்த்தார். வேம்பைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அதன் அடியில் வெயில் விழுந்து, அது வெறும் குழியாகக் கிடந்தது. இத்தனை வருடமாகக் குசினிக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்த இடம், இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றியது.

"அது பொய்யல்லோ, இரஞ்சிதம்" என்றார்.

"நாய் இருந்தால் கோல் நடுவினம். நாங்கள் ஆருக்கும் ஒண்டும் சொல்லத் தேவையில்லை." கதிரையைச் சரிப்படுத்தினாள். "அதுக்குப் பிறகு தபாற்கந்தோர் ஒழுங்கையில ஒரு இடம் இருக்கு. அது பிறகு பாப்பம்."

அடுத்த திங்கள் நாலு மணிக்கு, பரிபாலன சபைத் தலைவர் சைக்கிளில் சங்கக்கடைப் பின்காணிக்குப் போனார். றோமா பின்னால் ஓடியது. பாண் ஓட்டோ சொல்லி வைத்தபடி ஒழுங்கைக்குள் திரும்பி, மெட்டைப் பாட விட்டது.

"சேர், நாய்க்கெண்டால் பழைய பணிஸ் காணாதே?" என்றான் பைறூஸ்.

"ஆய்வில வெகுமதியை மாத்தக் கூடாது, தம்பி" என்றார் மாஸ்டர். "முடிவு பிழைச்சிடும்."

பற்றைக்கு நடுவே, இரஞ்சிதம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையால் காட்டிய இடத்தில், அவர் ரோலைப் பிரித்தார். முதல் மூன்று நாள் றோமா மணத்துக்கு வந்தது. நாலாம் நாள் கடதாசிக்கு வந்தது. ஒன்பதாம் நாள், ஒழுங்கை முனையில் மெட்டுக் கேட்டதுமே முன்னுக்கு ஓடி, பற்றைக்குள் மூக்கை நீட்டி, முதுகை நிமிர்த்தி இருந்தது. இரஞ்சிதம் வேலிக்கு அந்தப் பக்கம் கதிரையோடு நின்றாள். அன்று பின்னேரமே கௌசலா சிவப்புக் கோல்களோடு வந்தாள். நாயைப் பார்த்தாள், மாஸ்டரின் வேட்டி நுனியில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் முதற் கோலை நட்டாள்.

அந்த ஒன்பது நாளும் மாஸ்டர் நாளுக்கு மூன்று ரோல் வாங்கினார். நாய்க்குப் போனது அதில் ஒன்றின் பாதி.